மூச்சு விட்டாலே 4 டிகிரி ஏறி இறங்குகிறது: உடையில் தைத்த ஒளியிழை வெப்ப உணரி

பாவுநூல்

வணக்கம். இறுக்கமான பின்னல் பனியன் ஒன்றில் ஒளியிழையைத் தைத்து, தோலின் வெப்பநிலையை மணிக்கணக்கில் விடாமல் அளக்கப் பார்க்கிறேன். இழை சாதாரண சிங்கிள் மோட் (ஒளி ஒரே பாங்கில் மட்டும் போகும்) கண்ணாடி இழை. அதில் நான்கு இடத்தில் பிராக் கீற்றணி எழுதி வாங்கினேன்: நெஞ்சு, அக்குள், மேற்கை, முதுகு.

தண்ணீர்த் தொட்டியில் வைத்துப் பார்த்தபோது தங்கமாக வேலை செய்தது. 30-லிருந்து 42 டிகிரி வரை ஏற்றினேன். டிகிரிக்கு 10 பைக்கோமீட்டர் வீதம் அலைநீளம் நேர்கோட்டில் நகர்ந்தது. பனியனில் தைத்து ஆளுக்குப் போட்டதும் எல்லாம் கலைந்துவிட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு உணரி 40 பைக்கோமீட்டர் ஏறி இறங்குகிறது, அதாவது 4 டிகிரி. கையைத் தூக்கினால் அக்குள் உணரி 15 டிகிரி தாவுகிறது. இது உண்மையான வெப்பநிலையாக இருக்க முடியாது என்று எனக்கே தெரிகிறது. சராசரி எடுத்தால் சரியாகிவிடும் என்று 30 வினாடிச் சராசரி போட்டுப் பார்த்தேன். அலை போய்விட்டது. ஆனால் நேராக உட்கார்ந்தால் 34.1, குனிந்து உட்கார்ந்தால் 31. இதில் எந்த எண்ணை நம்புவது? யாராவது இந்தப் பாதையில் நடந்திருந்தால் சொல்லுங்கள்.

சிறுதுளி

பாவுநூல், குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். இழைக்குள் மின்சாரம் எதுவும் போவதில்லையே, வெறும் ஒளிதானே. அதை வைத்து வெப்பநிலை எப்படித் தெரிகிறது? பைக்கோமீட்டர் எங்கிருந்து வந்தது?

ஒளிவழி

சிறுதுளி கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். பாவுநூலின் சிக்கலுக்கு விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

இந்த இழையில் ஒளி போகும் நடுத்தண்டு 8, 9 மைக்ரோமீட்டர்தான் இருக்கும். அதைச் சுற்றியுள்ள கண்ணாடியோடு சேர்த்து 125 மைக்ரோமீட்டர். நடுத்தண்டில் சில மில்லிமீட்டர் நீளத்துக்கு, புற ஊதா ஒளியைப் பாய்ச்சி ஒளிவிலகல் எண்ணை வரிவரியாக மாற்றி எழுதிவிடுகிறார்கள். இதுதான் பிராக் கீற்றணி. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி அரை மைக்ரோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பல அலைநீளம் கலந்த ஒளியை உள்ளே அனுப்பினால், அந்த இடைவெளிக்குப் பொருந்துகிற ஓர் அலைநீளம் மட்டும் திரும்பி வரும், மற்றவை நேரே போய்விடும். ஒளிவிலகல் எண்ணை வரி இடைவெளியால் பெருக்கி இரண்டு மடங்காக்கினால், அதுதான் திரும்பி வரும் அலைநீளம். இழைக்குள் போகும் ஒளியே இப்படி வரி எழுதுவதைக் கனடாவில் கென்னத் ஹில்லும் அவருடைய கூட்டாளிகளும் 1978-ல் கண்டார்கள். 1989-ல் பக்கவாட்டிலிருந்து எழுதும் முறை வந்தது. நமக்கு வேண்டிய அலைநீளத்தில் வேண்டிய இடத்தில் எழுதிக்கொள்ள முடிந்தது அதற்கு அப்புறம்தான்.

சூடு ஏறினால் இரண்டு காரியம் நடக்கும். கண்ணாடி நீளும், அதோடு ஒளிவிலகல் எண்ணும் கூடும். நீள்வதால் வரும் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மீதி எல்லாம் ஒளிவிலகல் எண்ணின் வேலை. இரண்டும் சேர்ந்து 1550 நானோமீட்டர் பக்கத்தில் டிகிரிக்குச் சுமார் 10 பைக்கோமீட்டர் (நானோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பைக்கோமீட்டர்). பாவுநூல் தொட்டியில் பார்த்த எண் அதுதான்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். இழையை இழுத்தாலும் வரி இடைவெளி அகலும். ஒரு மீட்டர் இழை ஒரு மைக்ரோமீட்டர் நீண்டால் அது 1 மைக்ரோ திரிபு. அதற்கு அலைநீளம் 1.2 பைக்கோமீட்டர் நகரும். ஆக, எட்டு மைக்ரோ திரிபு வந்தாலே ஒரு டிகிரி ஏறியதுபோல் காட்டும். உங்கள் 40 பைக்கோமீட்டருக்கு 33 மைக்ரோ திரிபு போதும். மீட்டருக்கு 33 மைக்ரோமீட்டர் என்றால் தலைமுடியின் தடிமனில் பாதி! மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் சுற்றளவு அதைவிடப் பல மடங்கு விரிகிறது. துணி பெரும்பகுதியைத் தானே தாங்கிக்கொண்டு, இழைக்கு மிகச் சிறிதை மட்டும் கடத்தியிருக்கிறது. அந்தச் சிறிதே உங்களுக்கு 4 டிகிரி.

மூச்சை அளக்க விரும்புகிறவர்கள் இதே விளைவைத்தான் பயன்படுத்துகிறார்கள். 2006-ல் தொடங்கிய ஒஃப்செத் என்ற ஐரோப்பியத் திட்டத்தில், எம்ஆர்ஐ அறையில் மயக்கத்தில் இருப்பவரின் மூச்சைக் கவனிக்க ஒளியிழையைத் துணியோடு சேர்த்தார்கள். நீங்கள் தைத்த முறை மூச்சு அளக்க ஏற்றது. வெப்பநிலைக்கு இழை துணியிலிருந்து விடுபட்டு இருக்க வேண்டும்.

சராசரி ஏன் உதவவில்லை என்று கேட்டீர்கள். மூச்சு ஏறி இறங்கும், சராசரியில் கழிந்துவிடும். குனிந்து உட்கார்ந்தால் துணி தளர்ந்து அப்படியே நிற்கும். அது எத்தனை நிமிடச் சராசரி போட்டாலும் போகாது.

தறிசத்தம்

பாவுநூல், இழையை எப்படித் தைத்தீர்கள் என்று சொல்லவில்லையே. துணியின் குறுக்கேயா, நெடுக்கேயா? எத்தனை மில்லிமீட்டருக்கு ஒரு தையல்? பின்னல் துணி குறுக்கே அதிகமாக இழுபடும், நெடுக்கே குறைவு. கண்ணாடி இழை ஒரு சதவீதம் நீண்டாலே ஆபத்து, பின்னல் துணியோ சர்வ சாதாரணமாக முப்பது சதவீதம் நீளும். இரண்டையும் நேர்கோட்டில் சேர்த்துத் தைப்பது எந்தக் காலத்திலும் ஒத்துவராது.

பாவுநூல்

தறிசத்தம், குறுக்கேதான் தைத்தேன். நெஞ்சைச் சுற்றி, 5 மில்லிமீட்டருக்கு ஒரு தையல், மெல்லிய பாலியெஸ்டர் நூலால் மேலே போட்டு அமுக்கித் தைத்தது. இழை அசையாமல் இருந்தால் அளவு நன்றாக வரும் என்று நினைத்தேன். ஒளிவழி சார் சொன்னதைப் படித்ததும் தலைகீழாகச் செய்திருக்கிறேன் என்று புரிகிறது.

தறிசத்தம்

சரி, அப்படியானால் வழி இருக்கிறது. இழையைத் துணியோடு தைக்காதீர்கள். துணியிலேயே ஒரு சுரங்கம் பின்னிவிடுங்கள். நெசவில் இரட்டை அடுக்காக நெய்து நடுவில் குழாய்போல வாய் விடுவோம் இல்லையா, அதையே பின்னலிலும் செய்யலாம். இரண்டு அடுக்கும் ஓரங்களில் மட்டும் சேர்ந்திருக்கும், நடுவில் 3 மில்லிமீட்டர் வழி. அந்த வழியில் ஒரு மெல்லிய டெஃப்லான் குழாயை விட்டு, அதற்குள் இழையைப் போடுங்கள். குழாயை நேராக விடாமல் பாம்புபோல வளைத்து வளைத்துக் கொண்டுபோனால், துணி நீளும்போது வளைவு விரிந்து கொடுக்கும், இழைக்கு இழுப்பு வராது.

இன்னொரு நன்மையும் இருக்கிறது. துவைக்கும்போது இழையை உருவி எடுத்துவிடலாம். துணியோடு தைத்த இழை முதல் துவைப்பிலேயே நெளிந்துவிடும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பட்டறையில் பாவில், அதாவது நெடுக்கு நூலாக, ஒளியிழையைப் போட்டு நெய்து பார்த்தோம். பாவு நூலைத் தூக்கும் விழுது ஏறி இறங்கும் அசைவில் பாதி இழை போய்விட்டது. ஊடையில், அதாவது குறுக்கு நூலாகப் போட்டபோது பிழைத்தது. இழை எங்கே போகிறது என்பதைவிட, வழியில் என்னென்ன இழுப்பைச் சந்திக்கிறது என்று பாருங்கள்.

ஒளிவழி

தறிசத்தம் சொல்வது மிகச் சரி. வளைத்தால் அளவு கெட்டுவிடாதா என்று அடுத்த கேள்வி வரும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வளைக்கும்போது இழையின் வெளிப்பக்கம் நீளும், உட்பக்கம் சுருங்கும், நடுவில் இரண்டும் இல்லை. ஒளி போகும் தண்டு அந்த நடுவில்தான் இருக்கிறது. ஆகவே வளைவு மட்டும் அலைநீளத்தை அதிகம் நகர்த்தாது. வளைவு கூர்மையானால் ஒளி கசிந்து வலிமை குறையும், ஆனால் நாம் பார்ப்பது அலைநீளத்தை, வலிமையை அல்ல. அதனால் கொஞ்சம் கசிந்தாலும் எண் மாறாது. பிராக் கீற்றணியை எனக்குப் பிடித்துப்போனதற்கு இதுவே முதல் காரணம். வளைவைத் தாங்கும் ஜி.657.ஏ2 வகை இழையாக எடுங்கள், 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை வளைக்கலாம். கீற்றணி இருக்கும் இடத்தை மட்டும் நேராக விடுங்கள்.

கடைசிக் கீற்றணிக்கு இழையின் முனையைக் குழாய்க்குள் சுதந்திரமாக விட்டுவிடலாம். நடுவில் இருக்கும் மற்ற மூன்றுக்கும் அது முடியாது. அங்கே குழாயைவிட இழை சற்று நீளமாக இருக்கும்படி தளர்வாக விடுங்கள்.

மின்தடை

எல்லாவற்றையும் படித்தேன். ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். இதற்கு ஏன் ஒளியிழை? சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் தெர்மிஸ்டர், மிளகைவிடச் சின்னது, ஒன்றைத் தோலில் ஒட்டினால் 0.1 டிகிரிக்குள் துல்லியம் வரும். இழுத்தாலும் குனிந்தாலும் அதன் தடை மாறாது. படிக்கும் சுற்று ஒரு நாணய மின்கலத்தில் வாரக்கணக்கில் ஓடும். உங்கள் இழைக்கு ஒளிமூலம், நிறமாலையைப் பிரிக்கும் கருவி எல்லாம் சேர்ந்த இன்டராகேட்டர் பெட்டி வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு நடப்பவர் அணிவது உடையா, மூட்டையா? இழையின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. உடற்பயிற்சிக்கும் அன்றாடக் காய்ச்சல் கண்காணிப்புக்கும் என்றால், தெர்மிஸ்டரை எடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆறு மாத உழைப்பு வீணாகக் கூடாதே என்ற அக்கறையில் கேட்கிறேன்.

காந்தவளையம்

மின்தடை நண்பரே, நீங்கள் சொல்வது வெளியில் நூற்றுக்கு நூறு உண்மை. நான் வேலை செய்யும் அறைக்குள் அது எடுபடாது. எம்ஆர்ஐ எடுக்கும்போது 3 டெஸ்லா காந்தத்தில் ஏறத்தாழ 128 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை உடலுக்குள் பாய்கிறது. உடம்பை ஒட்டி ஓர் உலோகக் கம்பி கிடந்தால் அது ஆன்டெனாபோல அந்த அலையை வாங்கி, முனையில் சூடாகும். தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடாகும். அதற்காகவே சிறப்பாகச் செய்த கம்பிகள் உண்டு, அவற்றுக்கும் எப்படிப் போட வேண்டும், எங்கே சுருளக் கூடாது என்று கடும் விதிகள். கண்ணாடி இழைக்கு இந்தக் கவலை கிடையாது. அலை அதைக் கண்டுகொள்வதில்லை, அதுவும் படத்தில் கறை உண்டாக்காது.

எங்களிடம் ஏற்கெனவே ஒளியிழை வெப்பமானி இருக்கிறது, ஆனால் அது வேறு வகை. இழையின் முனையில் ஒளிரும் பொருள் ஒரு பொட்டு. ஒளித்துடிப்பு பட்டதும் அது ஒளிர்ந்து மங்கும். சூடு கூடினால் சீக்கிரம் மங்கும், அந்த நேரத்தை அளந்து வெப்பநிலை சொல்வார்கள். காலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்தியின் துணுக்கை முனையில் வைத்து, அது விழுங்கும் அலைநீளத்தின் விளிம்பு எங்கே நகர்கிறது என்று பார்க்கும் வகையும் உண்டு. இரண்டுமே இழுப்பால் ஏமாறாது. ஆனால் ஓர் இழைக்கு ஓரிடம்தான். எட்டு இடம் என்றால் எட்டு இழை. உடையாகத் தைக்கும்போது அது பெரிய தொல்லை.

பாவுநூல்

மின்தடை, உங்கள் கேள்வி நியாயமானது. முதலிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். காந்தவளையம் சொன்ன அறைக்காகத்தான் செய்கிறேன். மயக்கம் கொடுத்து நீண்ட நேரம் எம்ஆர்ஐ எடுக்கும் குழந்தைகளுக்கு, பல இடத்தில் ஒரே நேரத்தில் வெப்பநிலை பார்க்கும் மெல்லிய உடை. முதலில் பெரியவர்களுக்குச் செய்து பழகுகிறேன். ஒரே இழையில் பல இடம் என்பதுதான் என்னை பிராக் கீற்றணி பக்கம் இழுத்தது.

மின்தடை

அந்த அறைக்கு என்றால் என் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஓரிழையில் அதிகபட்சம் எத்தனை இடம் வைக்கலாம்?

ஒளிவழி

1525-லிருந்து 1565 நானோமீட்டர் வரை 40 நானோமீட்டர் அகலம் கையில் இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு கீற்றணிக்கும் ஒரு தனி அறைபோல 2 நானோமீட்டர் ஒதுக்கினால் இருபது இடம். வெப்பநிலைக்கு மட்டும் என்றால் 20-லிருந்து 45 டிகிரி வரைக்கும் கால் நானோமீட்டரே போதும். மீதி, தவறி வரும் இழுப்பில் ஒன்று மற்றொன்றின் அறைக்குள் நுழையாமல் இருக்க. உடைக்கு இருபது இடம் தாராளம்.

இன்டராகேட்டர் பெட்டி பற்றி நீங்கள் சொன்னதும் இங்கே பொருந்தாது. பெட்டி அறைக்கு வெளியே இருக்கட்டும். கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் போனாலும் இழப்பு சொற்பம், இருபது மீட்டர் ஒரு கணக்கே இல்லை.

காந்தவளையம்

ஆமாம், எம்ஆர்ஐ அறையின் சுவரில் இதற்காகவே உலோகக் குழாய் வழி உண்டு. அதன் வழியே உலோகமில்லாத குழாய்களையும் இழைகளையும் கொண்டுபோகலாம், ரேடியோ அலை கசியாது. பாவுநூல், ஓர் எச்சரிக்கை. இழையில் உலோகம் இல்லை என்று நம்பி, முனையில் இருக்கும் கனெக்டரை மறந்துவிடாதீர்கள். எஃப்சி வகையின் உடலே உலோகம். எஸ்சி வெளியில் பிளாஸ்டிக், உள்ளே சுருள்வில் இருக்கிறது. உடைக்கும் நீட்டிப்பு இழைக்கும் இடையே கனெக்டர் போடாமல் உருக்கி ஒட்டிவிடுங்கள், அல்லது கனெக்டர் அறைக்கு வெளியே வருமளவுக்கு நீளமாக வாங்குங்கள்.

பாவுநூல்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். தறிசத்தம் சொன்னபடி சுரங்கம் பின்னி, டெஃப்லான் குழாயில் இழையைத் தளர்வாக விட்டேன். மூச்சின் அலை 40-லிருந்து 2 பைக்கோமீட்டருக்கு வந்துவிட்டது! குனிந்தாலும் நிமிர்ந்தாலும் எண் நிற்கிறது. அன்று முழுக்க மகிழ்ச்சியாக இருந்தது.

அடுத்த நாள் புதிய சிக்கல். நெஞ்சில் உணரிக்குப் பக்கத்திலேயே சரிபார்க்க ஒரு தெர்மிஸ்டரைத் தோலில் ஒட்டினேன். தெர்மிஸ்டர் 34.0, இழை 33.2. சரி, 0.8 கூட்டிக்கொள்ளலாம் என்று பார்த்தால், மின்விசிறியைப் போட்டதும் இழை 32.5-க்குப் போய்விட்டது, தெர்மிஸ்டர் 33.8. போர்வை போர்த்தினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. இப்போது இழுப்பு கிடையாது. பிறகு ஏன்?

இரவுப்பணி

பாவுநூல், இதை நான் தினமும் பார்க்கிறேன். அக்குளில் வெப்பமானி வைக்கும்போது கையை உடம்போடு ஒட்டி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். நடுவில் காற்று இருந்தால் காற்றின் சூட்டைத்தான் அது சொல்லும். உங்கள் இழை தோலைத் தொடவில்லை. குழாய், துணி, நடுவில் காற்று, அதற்கு அப்புறம்தான் தோல். தோலுக்கும் அறைக்கும் நடுவில் எங்கோ நிற்கும் ஒரு வெப்பநிலையை அளக்கிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மயக்கத்தில் இருக்கும் குழந்தைகளுக்கு என்று சொன்னீர்கள். மயக்கம் கொடுத்ததும் தோலடி இரத்தக் குழாய்கள் விரியும். உடம்பின் நடுவில் இருந்த சூடு கை கால்களுக்குப் பரவும். முதல் ஒரு மணி நேரத்தில் உள்வெப்பநிலை ஒரு டிகிரிக்கு மேல்கூட இறங்கும், அதே நேரம் கை கால் தோல் சூடாகும். தோல் சூடாகத்தான் இருக்கிறது, குழந்தை நன்றாக இருக்கிறது என்று உங்கள் திரை காட்டும், உள்ளே குளிர்ந்துகொண்டிருக்கும். தோல் வெப்பநிலையை மட்டும் ஓர் எண்ணாகத் திரையில் போடாதீர்கள், தயவுசெய்து. எந்த இடம், அது தோலா உள்வெப்பமா என்று திரையிலேயே எழுதுங்கள். அவசரத்தில் ஓடி வருகிறவர் எண்ணை மட்டும்தான் பார்ப்பார்.

ஒளிவழி

இரவுப்பணி சொன்னதை முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உணரியின் துல்லியத்தைப் பற்றியே நாம் பேசிக்கொண்டிருந்தோம், அது எதைத் தொடுகிறது என்பதை விட்டுவிட்டோம்.

கணக்காகப் பார்த்தால் இப்படி: தோல் 34, அறை 24 என்றால் நடுவில் 10 டிகிரி இறக்கம். தோலுக்கும் உணரிக்கும் இடையே இருக்கும் வெப்பத்தடை மொத்தத் தடையில் எட்டு சதவீதம் என்றால், உணரி 0.8 குறைத்துக் காட்டும். மின்விசிறி போட்டதும் துணிக்கு வெளியே ஒட்டியிருந்த காற்றுப் படலம் மெலிந்து மொத்தத் தடை குறைகிறது, அதில் தோலுக்கும் உணரிக்கும் இடையிலான பங்கு பெரிதாகிறது. அதனால் பிழையும் கூடுகிறது. 0.8 என்று ஒரு நிலையான எண்ணைக் கூட்டுவது ஒருநாளும் சரிவராது.

இதற்கு ஒரு பழைய, அழகான தீர்வு உண்டு. 1971-ல் ஃபாக்ஸ், சோல்மன் என்ற இருவர் தோலின் மேல் ஒரு தட்டை வைத்து, அதன் மேற்பக்கத்தை உள்பக்கத்தின் அளவுக்குச் சூடேற்றினார்கள். வெளியே போகும் வெப்பம் நின்றுவிடும், அப்போது தட்டுக்கு அடியில் இருக்கும் தோல் உள்வெப்பநிலையை நெருங்கும். அதில் சூடேற்றி வேண்டும், உங்கள் அறையில் அது வேண்டாம். சூடேற்றாமல் செய்யலாம்: 3 மில்லிமீட்டர் தடிமனில் மென்மையான சிலிக்கோன் வில்லை ஒன்று எடுங்கள். ஒரு கீற்றணி அதன் அடியில் தோல் பக்கம், இன்னொன்று மேலே. இரண்டின் வித்தியாசம் எவ்வளவு வெப்பம் வெளியே போகிறது என்று சொல்லும். அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கை அடி உணரியோடு கூட்டினால் தோலின் உண்மை வெப்பநிலை. அந்தப் பங்கை நீங்களே அளந்து கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரே இழையை வில்லைக்கு அடியில் விட்டு ஓரத்தில் சுற்றி மேலே கொண்டுவந்தால் போதும், இரண்டு கீற்றணியும் ஓரிழையிலேயே. தெர்மிஸ்டரில் இதற்கு நான்கு கம்பி வேண்டும்.

சிறுதுளி

நிறையக் கற்றுக்கொண்டேன். இன்னும் ஒன்று. கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் இழை போட்டால் இழுப்பை நன்றாகத் தாங்குமே? உடைந்து குத்தும் பயமும் இல்லையே?

தறிசத்தம்

தாங்கும். பிஎம்எம்ஏ என்கிற அக்ரிலிக் இழை கண்ணாடியைவிட இருபது மடங்குக்கு மேல் இளக்கமானது, துணியோடு ஒத்துப்போகும், தறியிலும் நன்றாக ஓடும். ஆனால் வியர்வை அதற்குப் பகை. ஈரத்தைக் குடித்து ஊதிவிடும்.

ஒளிவழி

அதோடு ஒரு விபரீதமும் இருக்கிறது. கண்ணாடியில் சூடேறினால் அலைநீளம் கூடும். அக்ரிலிக்கில் ஒளிவிலகல் எண் சூட்டில் குறைவதால் அலைநீளம் குறையும். ஈரம் ஏறினாலோ இழை ஊதி அலைநீளம் கூடும். ஆகவே வியர்த்தால், உடம்பு குளிர்ந்துவிட்டதுபோல எண் காட்டும். உடம்பு சூடேறித்தான் வியர்க்கிறது, அந்த நேரத்தில் உணரி நேர் எதிராகச் சொல்கிறது. ஈரம் குடிக்காத டோபாஸ், சைடாப் வகைப் பிளாஸ்டிக் இழைகள் இருக்கின்றன, அவற்றில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, ஆனால் கிடைப்பது அரிது. அக்ரிலிக் 1550 நானோமீட்டர் ஒளியைச் சில சென்டிமீட்டரிலேயே விழுங்கிவிடும், வேறு அலைநீளத்துக்கு வேறு கருவி வேண்டும். பாவுநூலின் தேவைக்குக் கண்ணாடியையே பரிந்துரைப்பேன்.

கண்ணாடி உடைந்து குத்தும் என்பது உண்மையான பயம். மேலுறை உரிந்த இழைத் துண்டு தோலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது, எடுப்பதும் கடினம். டெஃப்லான் குழாயின் இரு முனையையும் அடைத்துவிடுங்கள். குழாய்க்குள் உடைந்தால் குழாய்க்குள்ளேயே இருக்கட்டும்.

நீர்த்தொட்டி

அளவைக்கூடத்தில் இருப்பவன் என்ற முறையில் சில வார்த்தைகள். 0.1 டிகிரி வேண்டும் என்றால் அலைநீளத்தை 1 பைக்கோமீட்டருக்குள் நம்பகமாகப் படிக்க வேண்டும். இன்டராகேட்டர் 1 பைக்கோமீட்டர் பிரித்துக் காட்டும் என்று ஏட்டில் எழுதியிருக்கும். பிரித்துக் காட்டுவது வேறு, நாள் முழுக்க நகராமல் நிற்பது வேறு. பெட்டியே சூடாகும்போது அதன் அளவுகோல் நகரும். நல்ல பெட்டிகளில் அசிட்டிலீன் வாயு அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி இருக்கும். அந்த வாயு விழுங்கும் அலைநீளங்கள் இயற்கை போட்ட கோடுகள், அவற்றோடு ஒப்பிட்டு ஒவ்வொரு முறையும் தன்னைத் திருத்திக்கொள்ளும். உங்கள் பெட்டியில் அது இல்லை என்றால், ஒரு கீற்றணியைத் தனியாகப் பெட்டிக்குப் பக்கத்தில் மாறாத வெப்பநிலையில் வைத்து அதை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். வில்லையின் இரு கீற்றணிகளுக்கு இடையேயான வித்தியாசத்தில் இந்த நகர்வு தானாகக் கழிந்துவிடும். அடி உணரியின் தனி எண்ணில் கழியாது.

அளவுதிருத்தத்தை இழையாக இருக்கும்போது செய்தீர்கள். அதைக் குழாயில் போட்டு, துணியில் கோத்து, வில்லையில் பதித்த பிறகு மறுபடி செய்யுங்கள். 30-லிருந்து 42 வரை ஏறும்போதும், திரும்ப இறங்கும்போதும் படியுங்கள். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் எங்கோ இழை உரசிச் சிக்குகிறது. பிசினில் பொதித்து உணர்திறனைப் பத்து மடங்குக்கும் மேலே ஏற்றியவர்கள் உண்டு. பிசின் சூட்டில் அதிகம் விரிந்து இழையையும் இழுப்பதால் வரும் பெருக்கம் அது. எண் பெரிதாகத் தெரியும், ஆனால் பிசின் மெல்ல இளகி இடம் மாறும். மாதக்கணக்கில் பயன்படுத்தும் உடைக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

இடங்களைப் பற்றி ஒன்று. தோலின் சராசரி வெப்பநிலைக்கு 1964-ல் இராமநாதன் தந்த நான்கு இடக் கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: நெஞ்சுக்கும் மேற்கைக்கும் 0.3 வீதம், தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் 0.2 வீதம். உங்கள் பனியனில் கால் இல்லை. இழையை நீட்டிக் காலுக்கு ஓர் உறை செய்தால் அந்தக் கணக்கை அப்படியே போடலாம்.

இரவுப்பணி

காலுக்கு உறை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் புண் வருவதற்கு முன்பே அந்த இடம் சூடாகும். இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தை ஒப்பிட்டு 2.2 டிகிரி வித்தியாசம் தொடர்ந்து இருந்தால் கவனம் தேவை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே வித்தியாசம்தான் முக்கியம். பெட்டியின் அளவுகோல் நகர்ந்தாலும் இரண்டு பாதத்துக்கும் ஒன்றாகத்தான் நகரும். பாவுநூல், இந்த வேலை முடிந்ததும் அந்தப் பக்கம் பாருங்கள். உணர்ச்சி மரத்த பாதத்தோடு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

பாவுநூல்

எல்லோருக்கும் நன்றி. சிலிக்கோன் வில்லை செய்து பார்த்தேன். 30 மில்லிமீட்டர் அகலம், ஓரத்தில் இழை சுற்றிவர 8 மில்லிமீட்டர் ஆரம் விட்டேன். அடி உணரிக்கும் மேல் உணரிக்கும் அறையில் 2.1 டிகிரி வித்தியாசம். அதில் பத்தில் மூன்று பங்கைக் கூட்டினால் தெர்மிஸ்டரோடு 0.1-க்குள் ஒத்துப்போகிறது. மின்விசிறி போட்டால் வித்தியாசம் 2.9 ஆகிறது, அதே பங்கு போட்டால் 0.2-க்குள் நிற்கிறது. போர்வையிலும் அப்படியே. வில்லையைத் துணி அழுத்திப் பிடிப்பதற்கு மேலே ஒரு மீள்பட்டை வேண்டியிருந்தது, அதை இரட்டைப் பின்னலில் சேர்த்துவிட்டேன்.

ஏறும்போதும் இறங்கும்போதும் படித்ததில் முதுகு உணரி மட்டும் 3 பைக்கோமீட்டர் விலகுகிறது. நீர்த்தொட்டி சொன்ன மாதிரி குழாயில் எங்கோ உரசுகிறது போலிருக்கிறது. திரையில் இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் "நெஞ்சுத் தோல்", "மேற்கைத் தோல்" என்று எழுதிவிட்டேன், இரவுப்பணி அக்கா. முதுகுக் குழாயை நாளை பிரித்துப் பார்க்கிறேன்.

தறிசத்தம்

முதுகில் தோள்பட்டை எலும்பு வரும் இடத்தில் குழாய் மடிகிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே சுரங்கத்தை இரண்டு விரல் அளவு கீழே இறக்கிப் பின்னுங்கள்.